ரைலி மொய்லனென் தட்டிய கதவு

ரைலி மொய்லனெனின் வகுப்பில் முதல் வாரம் யாரும் ரம்பத்தைத் தொடக் கூடாது. கதவைத் தட்ட வேண்டும்.

இதை இப்போது எங்கள் பூங்கா அலுவலகத்தில் சொன்னால் புதிதாகச் சேர்கிறவர்கள் நான் கதை விடுவதாக நினைக்கிறார்கள். அவர்களுக்குப் பாடப்புத்தகம் உண்டு, படம் ஓடும் திரை உண்டு. எங்களுக்கு 1994 அக்டோபரும், குய்க்கவாரா கிராமத்தின் பதினான்கு கதவுகளும் இருந்தன.

அந்த வருடம் பின்லாந்தின் எங்கள் கைனூ மாகாணத்தில் எல்லாம் மூடியிருந்தது. மர ஆலை மூடியிருந்தது. வங்கிக் கிளை மூடியிருந்தது. காடு மட்டும் திறந்திருந்தது. தேசியப் பூங்காவில் பாதை திருத்தவும், காற்றில் சாய்ந்த மரங்களை அகற்றவும் ஆள் எடுக்கிறார்கள், சங்கிலி ரம்பம் பிடிக்கத் தெரிந்ததற்குச் சான்று வேண்டும் என்றார்கள். ஆறு பேர் சேர்ந்தோம். பெரும்பாலும் ரைலியைவிட வயதில் மூத்தவர்கள். அவளுக்கு அப்போது நாற்பத்து மூன்று.

பயிற்சி இதுதான். இரண்டிரண்டு பேராகப் போக வேண்டும். ஒருவர் கதவைத் தட்டி, திறப்பவரின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும்: "காட்டுல என் மரம் ஒண்ணு மாட்டிக்கிச்சு. தனியா இறக்க முடியல. கொஞ்சம் வர முடியுமா?" இன்னொருவர் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு வந்து நடந்ததை அப்படியே சொல்ல வேண்டும். உண்மையில் எந்த மரமும் பாதி விழுந்து இன்னொரு மரத்தில் மாட்டியிருக்காது. அது எல்லா வீட்டுக்கும் தெரியும். வருடம் இரண்டு முறை வந்து தட்டுகிறார்களே. ஆனாலும் அந்த மூன்று வாக்கியங்களைச் சொல்வதற்குள் எங்களுக்கு வேர்த்தது. எங்கள் ஊரில் ஒரு மனிதன் தன் வீடு எரிந்தால்கூட, பக்கத்து வீட்டுக்காரர் சாப்பிட்டு முடிக்கட்டும் என்று வாசலில் காத்திருப்பான்.

ஆர்வோ இருபத்தாறு வருடம் ஆலையில் மரம் அறுத்தவர். சொந்தக் காட்டிலும் அறுத்தவர். "பச்சப் புள்ளைங்களோட என்னையும் உக்கார வெச்சுட்டாங்களே" என்று முதல் நாளே முனகினார். அவரோடு பார்வையாளனாக நான் போனேன். கதவு திறந்தது. ஆர்வோ தொப்பியை எடுத்தார். "குளிரு ஆரம்பிச்சிருச்சு" என்றார். "ஆமா" என்றாள் அந்த வீட்டுப் பெண். ஆர்வோ தொப்பியைப் போட்டுக்கொண்டு திரும்பி நடந்துவிட்டார். இரண்டாம் முறை அனுப்பியபோது ஒரு சுத்தியலை இரவல் வாங்கிக்கொண்டு வந்தார்.

"சுத்தியல் எதுக்கு?" என்று கேட்டாள் ரைலி.

"ஏதாவது கேக்கணும்னு சொன்னியே."

இர்மெலிக்கு வேறு கஷ்டம். வங்கியில் இருபது வருடம் இருந்தவள். "இல்லைன்னு சொல்லித்தான் எனக்குப் பழக்கம். குடுன்னு கேட்டுப் பழக்கமில்ல" என்றாள். ஆனால் எங்களில் முதலில் தேறியது அவள்தான். ஆர்வோவுக்கு ஆறு நாள் ஆயிற்று. எனக்கு ஐந்து. அதற்குப் பிறகுதான் ரைலி ரம்பங்கள் இருந்த கொட்டகையைத் திறந்துவிட்டாள்.

ஏன் இப்படி என்று அவள் ஒரே ஒரு முறைதான் சொன்னாள், அதுவும் சங்கிலிக்கு அரம் போட்டுக்கொண்டே. பதினேழு வயதில் மரம் வெட்டுகிறவர்களின் முகாமுக்குச் சமையல்காரியாகப் போனவள் அவள். இருபது ஆண்கள். மாலையில் வந்து உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிடுவார்கள். கொஞ்ச நாளில் அவளுக்கு ஒன்று தெரிய ஆரம்பித்தது. வெட்டிய மரம் கீழே விழாமல் பக்கத்து மரத்தின் கிளையில் மாட்டிக்கொண்டு நிற்க, அதை அப்படியே விட்டுவிட்டு வந்தவன் எவன் என்று. அவன் காப்பியைக் கலக்கிக்கொண்டே இருப்பான். சர்க்கரையே போட்டிருக்க மாட்டான். மறுநாள் மற்றவர்கள் எழுமுன் எழுந்து, யாருக்கும் தெரியாமல் அதை இறக்கிவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் கஞ்சிக்கு வந்து உட்காருவான்.

"ஒருநாள் ஒருத்தன் கஞ்சிக்கு வரல" என்றாள். அரத்தை ஊதிவிட்டு அடுத்த பல்லுக்குப் போனாள். "நான் முந்தின நாள் ராத்திரி அவன் கலக்குனதப் பாத்தேன். கேக்கல. கேக்கறது மரியாதை இல்லைன்னு நினைச்சேன்."

அவ்வளவுதான். நாங்களும் மேலே கேட்கவில்லை.

இருபத்திரண்டு வயதில் அவளே ரம்பம் எடுத்தாள். முப்பத்திரண்டில் பயிற்றுநர் வேலை கிடைத்தது. உயரம் கம்மி, கை நீளம். பாதுகாப்புக் கால்சட்டையின் இரண்டு பைகளிலும் எப்போதும் பைன் காய்கள் வைத்திருப்பாள். காது மூடியோடு ரம்பம் ஓட்டுகிறவனைப் பின்னாலிருந்து தொடக் கூடாது; திடுக்கிட்டுத் திரும்புவான், ரம்பமும் கூடவே திரும்பும். அதனால் அவள் தூரத்திலேயே நின்று, அவன் கண்ணுக்கு முன்னால் தரையில் விழும்படி ஒரு காயை வீசுவாள். அவன் நிமிர்வான். இயந்திரத்தை நிறுத்துவான். பிறகுதான் பேச்சு. திடீரென ஒரு காய் என் பூட்ஸ் முன்னால் வந்து விழும் அந்தச் சத்தமில்லாத அழைப்பை நான் பிறகு வேறு யாரிடமும் கண்டதில்லை.

வெட்டுவதற்கு முன் எல்லோரையும் வரிசையாக நிறுத்தி மரத்தைப் பார்க்கச் சொல்வாள். பாரம் எந்தப் பக்கம்? காற்று எங்கிருந்து? விழும்போது நீ எந்த வழியாகப் பின்வாங்குவாய்? பதில் வரும்வரை இயந்திரம் உயிர் பெறாது. சில நாள் கால் மணி நேரம் நிற்போம். தலைக்கு மேல் மரங்கொத்தி மட்டும் வேலை செய்துகொண்டிருக்கும். அந்த நிற்றலுக்காகவே நான் காலையில் சந்தோஷமாக எழுந்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

மூன்றாவது வாரம் எல்க் மான் வேட்டைக்காக அரசுக் காட்டை மூடிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை பயிற்சியை ரைலி தன் சொந்தக் காட்டிலேயே வைத்துக்கொண்டாள். ஏரிக்கு இறங்கும் ஒற்றையடிப் பாதையை ஒட்டி இருந்தது அது. பாதைக்கு இந்தப் பக்கம் மொய்லனென் நிலம். அந்தப் பக்கம் வில்ஹோ கெரானெனின் நிலம்.

வில்ஹோ கெரானெனும் ரைலியும் பதினோரு வருடமாகப் பேசிக்கொள்வதில்லை. குய்க்கவாராவில் கதவு தட்டப் போகும்போது நாங்கள் தட்டாமல் தாண்டிப் போன ஒரே வீடு அவருடையது. காரணம் ஊருக்கே தெரியும். ரைலிக்குப் பயிற்றுநர் வேலை கிடைத்த வாரம், கடையில் கூட்டமாக இருந்த நேரம், கெரானென் சொன்னார்: "இனிமே ரம்பமே வேண்டாம். மொய்லனென் பொண்ணு போய் முறைச்சா மரம் தானா படுத்துக்கும்." ரைலி ரொட்டியை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டே சொன்னாள்: "கெரானென் காட்டுல அடிக்கட்டை எல்லாம் எலி கொறிச்ச மாதிரி இருக்கு. யாராவது பொறி வெச்சுக் குடுங்க." கடையே சிரித்தது. அவ்வளவுதான் விஷயம். ஆனால் அதற்குப் பிறகு இருவரில் ஒருவர் முதலில் வாய் திறந்திருக்க வேண்டும். அது நடக்கவில்லை. ஒரு குளிர்காலம் போனது, இன்னொன்று போனது, பிறகு அதுவே பழக்கமாகிவிட்டது.

அன்று ரைலி செய்து காட்டுவதற்காகத் தேர்ந்தெடுத்தது பாதையோரம் ஒரு பெரிய பாறைக்கு மேல் நின்ற பைன் மரம். பதினெட்டு மீட்டர் இருக்கும். வழக்கம்போல் எங்களை வரிசையாக நிறுத்தினாள்.

"பாரம் எந்தப் பக்கம்?"

"அந்தப் பக்கம்" என்றார் ஆர்வோ. கெரானெனின் நிலத்தைக் காட்டினார். "கண்ணு தெரியாதவன்கூடச் சொல்லுவான்."

"ஆனா நான் இதை இந்தப் பக்கம் விடப்போறேன். அந்த ரெண்டு பிர்ச் மரத்துக்கு நடுவுல. ஆப்பு அடிச்சு நிமித்திடலாம்."

ஆர்வோ இடைவெளியைப் பார்த்தார். மரத்தைப் பார்த்தார். "அது கதவுச் சந்து மாதிரில்ல இருக்கு. அந்தப் பக்கம் நல்ல வெட்டவெளி. அங்க விட்டா பூப்போல விழும்."

"இந்தப் பக்கம்" என்றாள் ரைலி.

அவள் வேலையில் குறையே இல்லை. மரம் விழ வேண்டிய பக்கம் போட்ட வாய் வெட்டு சுத்தமாக இருந்தது. பின்வெட்டு போட்டு, நடுவில் கீல்போல் மரத்தை மிச்சம் விட்டு, ஆப்பை அடித்தாள். மரம் சாய்விலிருந்து மெல்ல நிமிர்ந்தது. ஒரு கணம் நேராக நின்றது. அப்போது ஏரியிலிருந்து ஒரு காற்று வந்தது. பெரிய காற்று ஒன்றும் இல்லை. கீலின் ஒரு பக்கம் கிழிந்தது. மரம் நின்ற இடத்திலேயே முறுக்கிக்கொண்டு திரும்பி, தன் சொந்தச் சாய்வின் பக்கமாகவே போய், பாதையைத் தாண்டி, வெட்டவெளியின் ஓரத்தில் நின்ற கெரானெனின் ஸ்ப்ரூஸ் மரத்தின் கவட்டையில் தலையைக் கொடுத்து நின்றுவிட்டது.

ரைலி அதற்குள் பின்வாங்கும் வழியில் ஆறடி தள்ளி இருந்தாள். இயந்திரத்தை நிறுத்தினாள். காது மூடியைத் தூக்கினாள்.

முதலில் அவள் கொக்கி வைத்த நெம்புகோலால் அடிமரத்தைப் புரட்டிப் பார்த்தாள். ஆர்வோவும் சேர்ந்து புரட்டினார். மேலே கிளைகள் பின்னிக்கொண்டிருந்தன, அசையவில்லை. பத்து நிமிடத்துக்குப் பிறகு அவள் நெம்புகோலைக் கீழே வைத்துவிட்டு எங்களை மரத்தின் உயரத்தைப்போல இரண்டு மடங்கு தூரத்துக்கு நகர்த்தினாள். சிவப்பு நாடாவை எடுத்துப் பாதையின் இரண்டு பக்கமும் குறுக்கே கட்டினாள்.

"அந்த ஸ்ப்ரூஸை வெட்டிட்டா ரெண்டும் சேந்து வந்துரும்ல?" என்று கேட்டான் எங்களில் ஒருவன்.

"வரும். உன் மேல வரும்" என்றாள் ரைலி.

"அடியிலேர்ந்து துண்டு துண்டா எடுத்தா?" என்றார் ஆர்வோ. "ஆலையில நாங்க அப்படித்தான்..."

"அப்படிச் செஞ்சவங்க எத்தனை பேர் இப்ப இருக்காங்க, ஆர்வோ?"

ஆர்வோ தாடையைச் சொறிந்தார்.

அதை அப்படியே விட்டுப் போகவும் முடியாது. மறுநாள் சனிக்கிழமை. விடிவதற்கு முன்பே வேட்டைக்காரர்கள் இருட்டில் அந்தப் பாதை வழியாகத்தான் ஏரிக்கரைக்கு இறங்குவார்கள். இருட்டில் சிவப்பும் கறுப்பும் ஒன்று. நாய்களுக்கு நாடா தெரியாது. அடிமரத்தைப் பின்னால் இழுக்க ஒரு டிராக்டர் வேண்டும், அதில் கம்பிவடம் சுற்றும் உருளை வேண்டும். குய்க்கவாராவில் அப்படி இருந்தது ஒன்றே ஒன்று. அது இருந்த கெரானென் வீட்டின் புகைபோக்கி மரங்களுக்கு மேல் தெரிந்தது.

ரைலி ஒரு பைன் காயைக் கையில் உருட்டிக்கொண்டே நின்றாள். அவள் காது மடல் சிவந்திருந்தது. குளிராகவும் இருக்கலாம். பதினோரு வருடமாக மனிதர்களுக்குக் கதவு தட்டக் கற்றுக்கொடுத்தவள். அவள் இப்போது போகாவிட்டால் அந்த முதல் வாரம் முழுக்க வெறும் விளையாட்டு என்று ஆகிவிடும். அது அவளுக்குத் தெரியும், எங்களுக்கும் தெரியும். ஆறு பேரும் பூட்ஸைப் பார்த்தபடி நின்றோம்.

இர்மெலிதான் வாயைத் திறந்தாள். "டீச்சர், இன்னிக்குத் தட்டற முறை யாரோடது?"

ஆர்வோ அவளை முழங்கையால் இடித்தார். "நான் வேணா போய் ஒரு சுத்தியல் வாங்கிட்டு வரவா?"

ரைலி சிரிக்கவில்லை. "நான் மரத்தப் பாக்கல" என்றாள் எங்களிடம். "வேலியில்லாத எல்லையப் பாத்தேன். ஆர்வோ சொன்ன பக்கம்தான் சரி. அந்தப் பக்கம் விழணும்னா போய் ஒரு வார்த்தை கேக்கணும். அதுக்குப் பயந்து இப்படி வெட்டினேன். எழுதிக்கங்க."

யாரிடமும் நோட்டு இல்லை. இன்றுவரை எனக்கு மறக்கவும் இல்லை.

பிறகு என்னைக் கைகாட்டினாள். "இவன் என்கூட வரட்டும். இவன் பேச மாட்டான்."

கெரானெனின் முற்றத்தில் நாய் ஒரு முறை குரைத்துவிட்டு நிறுத்தியது. அவர் விறகுக் கொட்டகை வாசலில் மீன்வலை பின்னிக்கொண்டிருந்தார். அறுபத்து மூன்று வயது. எங்களைப் பார்த்தார். ஊசியை வலையில் குத்தி வைத்தார். ரைலி கொட்டகையைத் தாண்டிப் போனாள். நேராக வீட்டின் கதவுக்குப் போய், உள்ளே ஆளில்லை என்று தெரிந்தும் மூன்று முறை தட்டினாள். பிறகு அவர் பக்கம் திரும்பினாள். ஏன் அப்படிச் செய்தாள் என்று எனக்கு அப்போது புரியவில்லை. அவளுக்கு அந்தத் தட்டல் தேவைப்பட்டிருக்கிறது.

"காட்டுல என் மரம் ஒண்ணு மாட்டிக்கிச்சு" என்றாள். "தனியா இறக்க முடியல. கொஞ்சம் வர முடியுமா?"

ஒரு எழுத்து மாறவில்லை.

கெரானென் ஏரியைப் பார்த்தார். "எந்த மரம்?"

"பாறைக்கு மேல நின்ன பைன்."

"அது இந்தப் பக்கம்ல சாஞ்சிருந்துச்சு."

"ஆமா."

"இங்கதானே விழுந்திருக்கணும்."

"நான் என் பக்கமா விடப் பாத்தேன்."

"எதுக்கு?"

"இங்க வந்து கேக்க வேண்டியிருக்குமேன்னு."

அவர் வலையை மடித்தார். ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனார். கதவு மூடிக்கொண்டது. நாங்கள் நின்றோம். நாய் எங்களைச் சுற்றி வந்து மோப்பம் பிடித்துவிட்டுப் போய்ப் படுத்தது. ஐந்து நிமிடம். பத்து நிமிடம். உள்ளே ஒரு நாற்காலி நகரும் சத்தம். ரைலி என்னைப் பார்த்தாள். "பாத்துக்கோ" என்றாள் மெல்ல. "இதையும் போய்ச் சொல்லணும். கேட்டேன், கிடைக்கல. கேட்டதுக்கு நான் செத்துப் போகல."

வந்த வழியே பாதி தூரம் போயிருப்போம். பின்னால் டிராக்டர் இருமிக்கொண்டு கிளம்பும் சத்தம் கேட்டது. ரைலி திரும்பிப் பார்க்கவில்லை, நடையையும் குறைக்கவில்லை. ஆனால் அதுவரை கைக்குள் இறுக்கிப் பிடித்திருந்த பைன் காயைப் பாதையோரம் போட்டாள்.

கெரானென் வேலைக்கான பூட்ஸ் மாட்டிக்கொண்டு வந்திருந்தார். அதற்குத்தான் அவ்வளவு நேரம். தலையில் பழைய துணித் தொப்பி. கம்பிவடத்தை இழுத்துக்கொண்டு நாடாவை நோக்கி நடந்தார்.

"தலையில ஹெல்மெட் இல்லாம நாடாவத் தாண்டக் கூடாது" என்றாள் ரைலி.

அவர் நின்றார். இன்னொரு பதினோரு வருடம் எங்கள் கண் முன்னாலேயே ஆரம்பிக்கிறது என்று நினைத்தேன். இர்மெலி தன் தலையிலிருந்து கழற்றி நீட்டினாள். "இத மாட்டிக்கங்க. ஷாம்பு வாசம் அடிக்கும், பொறுத்துக்கங்க."

அவர் துணித் தொப்பியைச் சட்டைப் பையில் திணித்துவிட்டு அதை வாங்கி மாட்டிக்கொண்டார். அவர் தலைக்கு அது சின்னது. உச்சியில் கோழிக் கொண்டைபோல நின்றது. யாரும் சிரிக்கவில்லை. ஆர்வோ மட்டும் அவசரமாக மூக்கைச் சிந்தினார்.

அடிமரத்தில் வடத்தைக் கட்டியது ரைலி. எங்களைக் கணக்கெடுத்துப் பின்னால் நிறுத்தியதும் அவள்தான். அவள் கையைத் தூக்கியதும் கெரானென் இழுத்தார். அடிமரம் பாசியை உழுதுகொண்டு பின்னால் வந்தது. ஸ்ப்ரூஸ் கிளைகள் ஒவ்வொன்றாகத் தயங்கித் தயங்கி விட்டுக்கொடுத்தன. பிறகு மொத்தமும் இறங்கியது. பூமி ஒரு முறை அதிர்ந்தது. வெகுநேரம் ஊசி இலைகள் மழைபோல உதிர்ந்துகொண்டிருந்தன.

கெரானென் இறங்கி வந்து, ரைலியின் அடிக்கட்டையைக் குனிந்து பார்த்தார். வெட்டின் மேல் கட்டை விரலால் தடவினார். "வெட்டு நல்லா இருக்கு" என்றார். "விட நினைச்ச பக்கம்தான் தப்பு."

"ஆமா" என்றாள் ரைலி.

பாதையோரம் நெருப்பு மூட்டினோம், கரி பிடித்த கெட்டிலில் காப்பி கொதித்தது. அவர் போவதற்குத் திரும்பியபோது ஆர்வோ ஒரு கோப்பையை அவர் கையில் திணித்துவிட்டார். கையில் கோப்பை இருந்தால் மனிதன் போக முடியாது. ஒரு மரத்துண்டின் மேல் உட்கார்ந்தார். நாங்கள் குச்சியில் குத்திச் சுட்ட தொத்திறைச்சி ஒன்றையும் வாங்கிக்கொண்டார். நெருப்பு படபடத்தது. அந்த மௌனத்தை நான் இப்போதும் எடுத்துப் பார்ப்பதுண்டு. எட்டுப் பேர் இருந்தோம், ஒருவருக்கும் அவசரம் இல்லை, ஈரக் கையுறைகள் நெருப்போரம் ஆவி விட்டுக்கொண்டிருந்தன. வேலை கிடைக்குமா என்ற பயம் அன்று மட்டும் எனக்கு நினைவில் வரவில்லை.

கெரானென் ஒரு சுள்ளியால் கோப்பையைக் கலக்க ஆரம்பித்தார். கலக்கிக்கொண்டே இருந்தார்.

ரைலி அதைப் பார்த்தாள். நான் அவள் பார்ப்பதைப் பார்த்தேன்.

"எங்க இருக்கு?" என்று கேட்டாள்.

அவர் நிறுத்தினார். "எது?"

"மாட்டிக்கிட்டு நிக்கிறது."

அவர் நெருப்பைப் பார்த்துக்கொண்டு, யாருக்கோ சொல்வதுபோல் சொன்னார். "சதுப்புக்குப் பின்னால. பெரிய பிர்ச். ஆகஸ்டு காத்துல சாஞ்சு, ஒரு பைன் மேல படுத்திருக்கு. டிராக்டர் அங்க போகாது. ரெண்டு மாசமா சுத்திக்கிட்டுப் போறேன்." கொஞ்சம் நிறுத்தினார். "நாளைக்குக் காலைல தனியா போய்ப் பாக்கலாம்னு இருந்தேன்."

ரைலி மிச்சக் காப்பியைப் பாசியில் கொட்டிவிட்டு எழுந்தாள். நாடாச் சுருளை எடுத்தாள், நெம்புகோலை ஆர்வோவிடம் கொடுத்தாள். நாங்களும் எழுந்தோம். யாரும் யாரையும் வா என்று சொல்லவில்லை.

சதுப்பைச் சுற்றிப் போக இருபது நிமிடம் ஆயிற்று. பிர்ச் அவர் சொன்னபடியே இருந்தது. வெள்ளைத் தண்டு வில்போல வளைந்து, வேர்க்கட்டு மண்ணோடு பாதி பெயர்ந்து நின்றது. ரைலி தூரத்திலேயே எங்களை வரிசையாக நிறுத்தினாள்.

"பாரம் எங்க இருக்கு?"

நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். எங்களுக்குப் பின்னால் நின்ற கெரானென்தான் பதில் சொன்னார். "நுனியில. தலையத் துண்டிச்சுட்டா வேலை முடிஞ்சது."

"தப்பு" என்றாள் ரைலி.

ஆர்வோ மூச்சை உள்ளே இழுத்தது எனக்குக் கேட்டது. கெரானென் அந்தப் பிர்ச்சை வேரிலிருந்து நுனி வரை மறுபடி ஒருமுறை பார்த்தார். ஹெல்மெட்டைக் காது வரை இழுத்துவிட்டுக்கொண்டார். பிறகு மெதுவாக முன்னால் வந்து, ஆர்வோவுக்கும் எனக்கும் நடுவில், வரிசையில் நின்றார்.

"சரி" என்றார். "எப்படின்னு நீ சொல்லு."